எண்ணெய் முள்ளின் சாட்சியம்

நெல்லை அளந்த மரக்காலுக்கும் நிலத்தை அளந்த கோலுக்கும் நம் கல்வெட்டுகளில் இடம் உண்டு. அரசர்கள் தங்கள் பட்டப் பெயரை அளவைகளுக்குச் சூட்டி வழங்கிய செய்தியையும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயின், மோட்டார் வண்டியின் முகப்புப் பலகையில் ஒரு சிறு வட்டத்துள் நின்று, தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உள்ளது என்று காட்டும் முள்ளுக்கு வரலாறு எழுதுவார் அரியர். பெட்ரோலை எண்ணெய் என்றே வழங்கும் இந்நாட்டுத் தமிழர், அம்முள்ளை எண்ணெய் முள் என்கின்றனர். நானும் அப்பெயராலேயே அதனைக் குறிக்கிறேன்.

இதனை நான் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒரு சாவு. 1990ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கை அடுத்த ஒரு தோட்டத்திலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. என் சின்னம்மா, அதாவது என் தாயாரின் ஒரே தங்கை, இறந்துவிட்டார். பிற்பகல் மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். சிங்கப்பூரிலிருந்து குளுவாங் போய்ச்சேர இரண்டரை மணி நேரம் போதும். நாங்கள் காலை ஏழரை மணிக்கே புறப்பட்டோம். எனினும், என் தாயார் தம் தங்கையின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லை. தடுத்தது அந்த முள்தான். அது எப்படித் தடுத்தது என்பதைச் சொல்லுமுன், முள் எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி வந்த ஆண்டு 1896. பென்ஸ் நிறுவனத்து வண்டியாகிய அதனை வாங்கியவர் சார்ல்ஸ் பக்லி என்னும் ஆங்கிலேயர். அது எழுப்பிய ஓசையைக் கேட்ட மக்கள் அதற்குக் ‘காப்பி எந்திரம்’ என்று பெயரிட்டார்களாம். வண்டிக்கு முன்பே எண்ணெய் இவ்வூருக்கு வந்துவிட்டது. 1892இல் மியூரெக்ஸ் என்னும் கப்பல் ரஷ்ய மண்ணெண்ணெயைப் பெருந்தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு, சூயஸ் கால்வாய் வழியாகச் சிங்கப்பூரை அடுத்த புக்கோம் தீவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கடைவீதியில் எண்ணெய் விற்கப்பட்டது நான்கு காலன் கொள்ளும் தகரங்களில்தான். நம் தோட்டப்புறங்களில் லயத்து வாசல்தோறும் தண்ணீர் சுமந்த அந்தச் சதுரத் தகரங்களை அறியாத முதியவர் இருக்க முடியாது. தெருவோரத்தில் எண்ணெய் இறைக்கும் கருவிகள் பரவலாவதற்கு முன், வண்டிக்காரருக்குத் தகரமே அளவை. எத்தனை தகரம் ஊற்றினோம், எத்தனை கல் தொலைவு ஓடினோம் என்னும் மனக்கணக்கே அவருடைய எண்ணெய் முள்.

1908 முதல் 1927 வரை உலகெங்கும் ஓடிய ஃபோர்டு ‘டி’ வகைக் காரில் எண்ணெய் முள் கிடையாது. அதன் தொட்டி முன்னிருக்கையின் அடியில் இருந்தது. எண்ணெயின் அளவை அறிய விரும்பியவர், இருக்கை மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, கோடு கிழித்த மரக்கோலை உள்ளே விட்டு எடுத்து, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்ணெய் தன் கனத்தாலேயே எஞ்சினுக்கு இறங்கி வருமாறு அமைந்த வண்டி அது. ஆகவே, தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். அனுபவசாலிகள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டை ஏறிவிடுவார்கள். 1927இன் இறுதியில் வெளிவந்த ‘ஏ’ வகையில் தொட்டி ஓட்டுநருக்கு முன்னே, கண்ணாடிக்குக் கீழே வைக்கப்பட்டது. அதில் மிதந்த மிதவையே முகப்புப் பலகையில் அளவைக் காட்டியது. இடையில் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. எளிமையில் இதனை விஞ்சிய அமைப்பு பின்னர் தோன்றவில்லை என்பது என் எண்ணம். ஆனால் முழங்காலுக்கு மேலே எண்ணெய்த் தொட்டியை வைத்துக்கொண்டு மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாதுகாப்பு கருதித் தொட்டி வண்டியின் பின்புறம் சென்றது. தொட்டிக்கும் கண்ணுக்கும் இடையே ஏழெட்டு அடித் தொலைவு ஏற்பட்டது. இந்தத் தொலைவே நம் முள்ளின் வரலாறு முழுவதும்; முள் சொல்லும் பொய்கள் அனைத்தும் இந்த ஏழெட்டு அடிக்குள் பிறந்தவையே.

முதலில் காற்றைத் தூதனுப்பிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கிங்-சீலி நிறுவனம் செய்த ‘டெலிகேஜ்’ என்னும் கருவியில், எண்ணெயின் கனம் ஒரு மெல்லிய குழாயில் அடைபட்ட காற்றை அழுத்தும். அக்காற்று முகப்புப் பலகையிலுள்ள கண்ணாடிக் குழாயில் ஒரு சிவப்பு நீரை உயர்த்தும். மயிர்க்கால் அளவு கசிவு ஏற்பட்டாலும் நீர்மட்டம் இறங்கிவிடும். அதன்பின் மின்சாரம் தூது சென்றது. தொட்டியில் ஒரு மிதவை. மிதவையின் கையோடு நகரும் ஒரு தொடுகை. அது உராயும் தடைச்சுருள். எண்ணெய் ஏறி இறங்க, மின்தடை கூடிக் குறையும். அதற்கேற்ப ஓடும் மின்னோட்டம் முள்ளை நகர்த்தும். அப்படியானால் முள் காட்டுவது எண்ணெயை அன்று, மின்னோட்டத்தையே. இவ்வேறுபாட்டைப் பெரும்பாலான ஓட்டுநர்கள் வாழ்நாள் முழுதும் அறியாமலே வண்டி ஓட்டிவிடுகிறார்கள். நானும் 1990 வரை அறிந்தேனல்லேன்.

முள்ளே வேண்டா என்று இருந்தவர்களும் உண்டு. மலாயாச் சாலைகளிலும் ஓடிய வோக்ஸ்வேகன் பீட்டில் காரில் 1961 வரை எண்ணெய் முள் இல்லை. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் இருமும்போது, காலடியிலுள்ள ஒரு கைப்பிடியைத் திருப்பினால், தொட்டியின் அடியில் ஒதுக்கி வைத்த சேமிப்பு எண்ணெய் இறங்கும். எண்ணெய் நிரப்பியபின் கைப்பிடியைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தவர், அடுத்த முறை நடுவழியில் நின்றார்.

இனி நம் பகுதிக்கு வருவோம். ஜொகூர் பாலம் 1924இல் முறைப்படி திறக்கப்பட்டது முதல் இக்கரைக்கும் அக்கரைக்கும் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாடுகளாகப் பிரிந்தபின் எண்ணெய்க்கும் இரண்டு விலைகள் ஏற்பட்டன. சிங்கப்பூரில் பெட்ரோலுக்கு வரி மிகுதி. ஜொகூரில் விலை குறைவு. காலித் தொட்டியோடு பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவில் நிரப்பிக்கொண்டு, வழியில் காய்கறியும் வாங்கிக்கொண்டு திரும்புவது பலருக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாயிற்று. வரி வருவாய் குறைவதைக் கண்ட சிங்கப்பூர் அரசு 1989இல் ஒரு விதி வகுத்தது: சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குப் புறப்படும்போது அதன் தொட்டியில் பாதியளவேனும் எண்ணெய் இருத்தல் வேண்டும். 1991இல் பாதி முக்காலாக உயர்ந்தது. 1998இல் துவாசில் இரண்டாம் பாலம் திறந்தபோது அங்கும் இவ்விதி சென்றது.

விதி எளிது. ஆனால் பாதி எண்ணெய் இருப்பதை அதிகாரி எப்படி அறிவது? பாலத்தை நோக்கி நூற்றுக்கணக்கான வண்டிகள் வரிசையில் நிற்கையில், ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து கோலை விட்டுப் பார்க்க இயலுமா? அவர் குனிந்து முகப்புப் பலகையை நோக்குவார். முள் பாதிக்கு மேல் நின்றால் போகலாம். இவ்வாறு, ஓட்டுநரின் வசதிக்காகப் பிறந்த ஒரு சிறு முள், ஒரே நாளில் சட்டத்தின் முன் நிற்கும் சாட்சி ஆகிவிட்டது. சாட்சி என்றால் பொய்ச்சாட்சியும் தோன்றும் அல்லவா? முள்ளை உயர்த்திக் காட்டும் தந்திரங்கள் சிலர் கைக்கு வந்தன. முள்ளைத் திருத்துவதைத் தனிக் குற்றமாகவே சட்டம் வைத்திருக்கிறது. இடையில் ஒரு தடைத்துண்டை இணைத்துவிட்டால் கால் தொட்டியை முக்கால் தொட்டியாகக் காட்டுவது இயலும் என்பதை, முள் எவ்வாறு இயங்குகிறது என்று தெரிந்தவர் எவரும் உடனே உணர்வர்.

என் கார் 1972இல் பதிவானது, இங்கிலாந்தில் செய்தது, தமையனாரிடமிருந்து எனக்கு வந்தது. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே அதன் எண்ணெய் முள் நோய்வாய்ப்பட்டிருந்தது. நிரப்பினாலும் கால் பங்குக்குச் சற்று மேலேதான் நிற்கும். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓடிய தொலைவைக் கணக்கிட்டு எண்ணெய் ஊற்றிக்கொண்டேன். தகரக் காலத்து வண்டிக்காரரைப் போல. பாலத்தைக் கடக்கும் தேவை அந்த மாதங்களில் நேரவில்லை.

அன்று காலை உட்லண்ட்ஸ் சாலையில் ஓர் எண்ணெய் நிலையத்தில் தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். சாவடியில் அதிகாரி குனிந்து பார்த்தார். பாதி இல்லை என்றார். நிரப்பிய ரசீதைக் காட்டினேன். “ரசீது உங்கள் வண்டிக்குத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? மீட்டர் காட்டுவதைத்தான் நான் பார்க்க முடியும்” என்றார். குரலில் கடுமை இல்லை. “முள்ளைத் திருத்துகிறவன் மேலேதானே திருத்துவான்? கீழே இறக்கி எனக்கு என்ன இலாபம்?” என்று கேட்டேன். அவரும் சிரித்தார். சிரித்தாலும் திருப்பித்தான் அனுப்பினார். தண்டம் விதிக்காமல் விட்டதற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

திரும்பி வந்து அதே நிலையத்தில் மீண்டும் எண்ணெய் ஊற்றச் சொன்னேன். அரை லிட்டர்கூட இறங்காமல் வழிந்து தரையில் ஓடியது. அதன் பிறகும் நான் செய்தது அறிவுடைமையன்று. வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறியிருக்க வேண்டும். ஆனால் மனம் அப்போது முள்ளோடு வழக்காடிக்கொண்டிருந்தது. உண்மை என் பக்கம் இருக்கிறது, தொட்டி நிறைந்திருக்கிறது. வேறோர் அதிகாரி ஒப்புக்கொள்வார் என்று இரண்டாம் முறையும் வரிசையில் நின்றேன். விடுமுறைக் கூட்டம். வரிசை நகர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாம் அதிகாரியும் அதனையே சொன்னார். பின்சீட்டில் அம்மா ஒரு சொல்லும் பேசாமல், மடியில் வைத்திருந்த புதுச்சேலைப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடன்பிறந்தவளுக்குப் போர்த்தக் கொண்டுவந்த சேலை அது.

பேருந்து பிடித்து, பாலம் கடந்து, ஜொகூர் பாருவில் வாடகைக் கார் அமர்த்தித் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு. லயத்தின் முன் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பழுதை அறிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி எனக்கு அதன்பின்தான் வந்தது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த நாள்களில், அதன் வண்டிப் பட்டறையில் வேலை செய்தவர். 1971இல் பிரிட்டிஷார் வெளியேறியபின் தனியார் பட்டறைகளில் சில காலம் இருந்துவிட்டு ஓய்ந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “வண்டியைக் கொண்டு வாருங்கள் தம்பி” என்றார். நான் முள்ளைக் கழற்றி மாற்ற வேண்டுமோ என்று கேட்டதற்கு, “அது சொல்கிறவன். சொல்கிறவனை அடித்து என்ன பயன்? சொல்லிக் கொடுத்தவன் யார் என்று பார்ப்போம்” என்றார்.

அவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. முதலில் சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டு, வெப்பம் காட்டும் முள்ளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது வழக்கம்போல் நடுவில் நின்றது. “நல்லது” என்றார். எண்ணெயைப் பற்றிக் கேட்டால் வெப்பத்தைப் பார்க்கிறாரே என்று எனக்கு வியப்பு. அவர் விளக்கியதன் சாரம் இது: அறுபதுகள் முதல் ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டுக்கும் மின்சாரம் தருவது ஒரு சிறு தகரப் பெட்டிக்குள் இருக்கும் மின்னழுத்தச் சீராக்கி. மின்கலத்தின் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் அது சராசரியாக 10 வோல்ட் அளவிலேயே முள்களுக்குக் கொடுக்கும். சீராக்கி கெட்டால் இரண்டு முள்களும் ஒருசேர ஏறும், அல்லது ஒருசேரச் சாயும். ஒன்று மட்டும் பொய் சொன்னால் பழுது அதனுடைய தனி வழியில்தான் இருக்கிறது.

அடுத்துச் சாவியை அணைத்துவிட்டு எண்ணெய் முள்ளைக் கவனித்தார். அது மெல்ல, தூக்கம் கலையாதவன் எழுந்து போவதைப் போல, கீழே இறங்கியது. “இது சூட்டில் வளைகிற வகை” என்றார். இருவேறு உலோகங்களை ஒட்டிய பட்டையின்மேல் கம்பிச் சுருள் சுற்றியிருக்கும். மின்னோட்டம் சுருளைச் சூடாக்கும், பட்டை வளையும், முள் நகரும். சூடு ஆற நேரமாவதால் முள்ளும் மெதுவாகத்தான் நகரும். வளைவில் எண்ணெய் அலைபாய்ந்தாலும் முள் துள்ளாமல் நிற்பது இதனால்தான். இதற்கு முந்திய வகையில் இரண்டு காந்தச் சுருள்கள் எதிரெதிராக முள்ளை இழுக்கும். சாவியை அணைத்தவுடன் முள் சட்டென்று விழுந்துவிடும்.

இவ்விரு வகைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை அவர் சொன்னபோது நான் உண்மையிலேயே திகைத்தேன். சூட்டில் வளையும் வகையில் தொட்டிக்குச் செல்லும் கம்பி அறுந்துபோனால் மின்னோட்டம் நின்று, முள் காலி என்று காட்டும். பழைய ஆங்கிலேயச் சுருள் வகையிலோ அதே கம்பி அறுந்தால் முள் நிறைவுக்கும் அப்பால் போய் நிற்கும். கம்பி வண்டியின் உடலில் உராய்ந்து ஒட்டிக்கொண்டால், புதிய வகை நிறைவு என்னும். பழைய வகை காலி என்னும். ஒரே நோய்க்கு இரண்டு தலைமுறைகளும் நேர்மாறான பொய்களைச் சொல்கின்றன. “அந்தக் காலத்து முள் பணக்காரப் பொய் சொல்லும் தம்பி. நிறைய இருக்கிறது என்று நம்பி நடுக்காட்டில் நின்ற லாரிகளை எத்தனையோ இழுத்து வந்திருக்கிறேன். உங்களுடையது ஏழைப் பொய். யாரையும் காட்டில் நிறுத்தாது” என்றார். சாவடியில் நிறுத்திவிட்டதே என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும்.

மூன்றாவதாகத்தான் வண்டியின் பின்பெட்டியைத் திறந்தார். திறந்தவுடன் கை வைக்கவில்லை. மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சற்று நேரம் காற்றாட விட்டார். எண்ணெய் ஆவிக்கு அருகில் ஒரு பொறி போதும் என்றார். பிறகு மிதவைக் கருவியிலிருந்து கம்பியைக் கழற்றி, வேறொரு நீளமான கம்பியை அதனோடு முடிந்து முன்னிருக்கைவரை கொண்டுவந்தார். மின்கலத்தை மீண்டும் இணைத்து, சாவியைத் திருப்பி, அக்கம்பியின் நுனியைத் தொட்டிக்கு வெகு தொலைவில், கதவருகே உள்ள வெற்று உலோகத்தில் தொடச் செய்தார். முள் எழுந்தது, கால், அரை, முக்கால் என்று ஏறி நிறைவை நெருங்கியது. உடனே கம்பியை எடுத்துவிட்டார். அதிக நேரம் தொட்டால் பட்டை சூடேறிக் கெட்டுவிடுமாம். முள் நலம், கம்பியும் நலம்.

எஞ்சியது தொட்டியும் மிதவையும். மிதவையில் வரும் நோய்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பித்தளை மிதவையின் பற்றவைப்பு விட்டு உள்ளே எண்ணெய் புகுந்தால் அது மூழ்கிவிடும்; எவ்வளவு ஊற்றினாலும் முள் காலியில்தான். மிதவையின் கை சிக்கிக்கொண்டால் முள் ஒரே இடத்தில் உறையும். தடைச்சுருள் தேய்ந்தால் ஒரு குறிப்பிட்ட அளவில் மட்டும் முள் துள்ளும், அல்லது விழும். பெரும்பாலும் நடுப்பகுதிதான் முதலில் தேயும் என்றார். தொடுகை தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழிப்பது அங்கேதானே.

என் வண்டிக்கு இவற்றில் எதுவும் இல்லை. மின்கலத்தை மறுபடியும் கழற்றிவிட்டு, தம் பழைய ஓம்மீட்டரின் ஒரு முனையை மிதவைக் கருவியின் ஆணியிலும் மறுமுனையை அக்கருவியின் தகட்டிலும் வைத்தார். 30 ஓம் அளவில் காட்டியது. இவ்வகையில் காலித் தொட்டிக்கு ஏறத்தாழ 240 ஓமும் நிறைந்த தொட்டிக்கு 30 ஓம் அளவிலும் காட்டுவது இயல்பு. தொட்டி நிறைந்திருந்தது, மிதவை அதனை உள்ளபடியே சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டாம் முனையை மட்டும் எடுத்து வண்டியின் உடலில் வைத்தார். நூறைத் தாண்டிவிட்டது. “அகப்பட்டான்” என்றார்.

மின்னோட்டம் போவதற்குக் கம்பி உண்டு; திரும்பி வருவதற்குக் கம்பி இல்லை. தொட்டியின் உலோகமும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் வண்டியின் உடலுமே திரும்பும் வழி. பட்டறைக்காரர்கள் இதனை ‘எர்த்’ என்பார்கள். முந்திய ஆண்டு, வண்டியின் அடிப்பகுதி துருப்பிடிக்கிறது என்று தொட்டியை இறக்கித் தார்போன்ற கறுப்புப் பூச்சை அடர்த்தியாகப் பூசி மீண்டும் பொருத்தச் செய்திருந்தேன். திருகாணிகளுக்கும் தகட்டுக்கும் இடையே புகுந்த அப்பூச்சும் அதனடியில் தங்கிய துருவும் சேர்ந்து, திரும்பும் வழியை அடைத்துவிட்டன. அந்த அடைப்பையும் முள் எண்ணெய்க் குறைவாகவே எண்ணிக்கொண்டது. துருவைத் தடுக்க நானே விரும்பிச் செய்த வேலை அது.

பெரியவர் ஒரு முழம் கம்பியை எடுத்தார். தொட்டியின் விளிம்பில் ஒரு திருகாணியைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து வெண்மையாக்கி, கம்பியின் ஒரு முனையை அதனடியில் வைத்து முறுக்கினார். மறுமுனையை உடலில் இவ்வாறே பொருத்தினார். சாவியைத் திருப்பினோம். ஏறக்குறைய அரை நிமிடத்தில் முள் நிறைவுக்கோட்டைத் தொட்டது. நான் அவருக்குக் கொடுக்க முயன்ற பணத்தை வாங்க மறுத்து, கம்பிக்கு மட்டும் ஒரு வெள்ளி பெற்றுக்கொண்டார்.

இவ்வளவு சங்கடம் தரும் முள்ளை நம்பாமல் பழைய மரக்கோலுக்கே திரும்பிவிடலாமே என்று அன்று மாலை அவரிடம் கேட்டேன். கோலும் பொய்யாகும் என்று அவர் சொன்னார். அது எத்துணை உண்மை என்பதற்கு, ஆகாய ஊர்தியொன்றின் வரலாறே சான்று. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள், ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் ஒன்றில் எண்ணெய் காட்டும் கருவிகள் பழுதுபட்டிருந்தன. ஆகவே இறக்கையின் அடியிலுள்ள அளவுகோலைக் கொண்டே அளந்தார்கள். கோல் சரியாகத்தான் காட்டியது. ஆனால் லிட்டரை எடையாக மாற்றும்போது, கிலோகிராமுக்கு உரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்கு உரிய எண்ணால் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோகிராம் வேண்டிய இடத்தில் அதிற் பாதியும் இல்லாமல் விமானம் பறந்தது. நடுவானில் எஞ்சின்கள் இரண்டும் நின்றன. மிதவை விமானம் ஓட்டிப் பழகிய விமானி அதனைச் சறுக்கியே கொண்டுவந்து, கிம்லி என்னும் ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அதிலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். முள்ளுக்குத் தொட்டிக்கும் கண்ணுக்கும் இடையே ஏழெட்டு அடி. கோலுக்குக் கண்ணுக்கும் கணக்குக்கும் இடையே ஓர் எண்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டேன். இம்முறை எண்ணெய் முக்கால் தொட்டிதான் இருந்தது. நான் வேண்டுமென்றே நிரப்பவில்லை. வரிசை விரைவாக நகர்ந்தது. அதிகாரி குனிந்தார், முள்ளைப் பார்த்தார், கையை அசைத்தார். இரண்டு விநாடிகூட ஆகியிருக்காது. பாலத்தின் நடுவே போய்க்கொண்டிருக்கையில் பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: “அன்றைக்கு இதைவிட அதிகமாகத்தானே ஊற்றியிருந்தாய்?”

“ஆமாம் அம்மா” என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கடலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.